கருவாச்சி அடைக்கு உட்கார்ந்தாள்

கொல்லைப்புறக் கோழிகள் – 11

கருவாச்சி பதின்மூன்றாவது முட்டை இட்டதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். மறுநாள் அவள் முட்டையிடவில்லை. பெட்டியை விட்டு எழுந்திருக்கவும் இல்லை. கையை நீட்டியதும் உடம்பை உப்பிக்கொண்டு உறுமினாள். மணிக்கட்டில் நறுக்கென்று ஒரு கொத்து. மெல்லத் தூக்கி அடிவயிற்றைத் தடவினேன். இறகு உதிர்ந்து, வெறும் தோல் அனலாகச் சுட்டது. உடம்புச் சூடு தடையில்லாமல் முட்டைக்குப் போகத்தான் அங்கே இறகு உதிர்கிறது.

“அடைக்கு உக்காந்திருச்சுப்பா. வைக்கிறியா, தெளிய விடுறியா? இன்னைக்கே முடிவு பண்ணு” என்றார் அப்பத்தா.

இதில் தள்ளிப்போடுவதுதான் பெரிய தப்பு. வெறும் பெட்டியிலேயே வாரக்கணக்கில் கிடப்பாள். நாளுக்கு ஒரு தடவை எழுந்து நாலு வாய் தின்பாள், தண்ணீர் குடிப்பாள், மறுபடி போய்ப் படுத்துக்கொள்வாள். எடை இறங்கும், பேன் ஏறும். இது அவளுடைய பிடிவாதம் இல்லை. உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் கூடியிருக்கிறது. அது கூடினால் முட்டையிடுவது நின்றுபோகும். வெள்ளை லெகான் கோழிகளில் இந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கட்டிவிட்டார்கள். நம் சிறுவிடையிடம் அது அப்படியே இருக்கிறது.

அடை தெளிய வைக்கிறேன் என்று மூக்கில் இறகைக் குத்தி விடுகிறார்கள், தண்ணீரில் முக்குகிறார்கள். நானும் முக்கியிருக்கிறேன். ஒரு ஐப்பசி மாதத்துச் சாயங்காலம், மழை பிடித்திருந்த நேரம். இறகு விடிய விடியக் காயவில்லை. காலையில் மூக்கு ஒழுகியது, நாலாம் நாள் செத்துப்போனது. அந்த ஈரக் கோழியின் நடுக்கம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

வேண்டியது அடிவயிறு குளிர்வது, அவ்வளவுதான். அடியில் கம்பிவலை போட்ட கூண்டை நாலு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். வைக்கோல் கூடாது, வெளிச்சமும் காற்றும் வேண்டும். தீனியையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள். பெரும்பாலும் 3, 4 நாளில் தெளிந்துவிடும். திறந்து விட்டதும் மற்ற கோழிகளோடு குப்பையைக் கிளறப் போனால் தெளிந்துவிட்டது. நேரே பெட்டிக்கு ஓடினால் இன்னும் 2 நாள் கூண்டில் இருக்கட்டும்.

கருவாச்சியை நான் கூண்டில் போடவில்லை. சேவல் சேர்ந்த முட்டைகளில், ஒரு வாரத்துக்கு உட்பட்டவையாக 11 எடுத்தேன். அவள் நெஞ்சுக்கடியில் அடங்குவது அவ்வளவுதான். ஓலைப்பெட்டியில் மணல், மேலே வைக்கோல், பேனுக்கு வேப்பிலை. இடி முழக்கத்துக்கு ஆகாது என்று அப்பத்தா ஒரு கரித்துண்டும் ஓர் இரும்பாணியும் போட்டார். அவர் வைத்ததை நான் எடுப்பதில்லை. ராத்திரியில் வைத்தால் கோழி கலையாது. ஒவ்வொரு முட்டையிலும் கரிக்கோடு போட்டிருந்தேன். நாலாம் நாள் பார்த்தால் கோடில்லாத முட்டை ஒன்று உள்ளே கிடந்தது. செவலை வந்து இட்டுப் போயிருக்கிறாள்! கோடு இல்லையென்றால் எது புதுசு என்று தெரிந்திருக்காது.

7-ஆம் நாள் இரவு செல்போன் டார்ச்சை முட்டையடியில் பிடித்துப் பார்த்தேன். ஒன்பதில் சிலந்தி கால் விரித்தாற்போலச் சிவந்த நரம்புகள். இரண்டில் ஒன்றுமே இல்லை. வெறும் மஞ்சள் வெளிச்சம். அவற்றை எடுத்துவிட்டேன். விட்டுவைத்தால் அழுகி, வெடித்து, நல்ல முட்டையையும் கெடுக்கும்.

21 நாள் கணக்கில் நேற்றோடு 20 முடிந்தது. கடைசி மூன்று நாளும் முட்டையைத் தொடக்கூடாது என்பதால் காதை மட்டும் பெட்டியருகே கொண்டுபோனேன். அவள் வயிற்றுக்கடியில் எங்கோ மெல்லிசாக ஒரு ‘கீச்’. மூன்று வாரமாக உறுமிக்கொண்டிருந்த கருவாச்சி தலையைத் தாழ்த்தி, நான் அதுவரை கேட்டிராத தணிந்த குரலில், ‘கொக்… கொக்…’ என்றாள்.

(தொடரும்)