ஒரு வினாடிக்குள் 1 கோடியே 60 லட்சம் துடிப்புகள்

மலாயாவில் மின்சாரம் முதலில் வந்தது கோலாலம்பூருக்கு அல்ல, ரவாங்குக்கு. 1894-இல் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக இங்கே மின்னாக்கி இயந்திரத்தை நிறுவினார்கள். ஆம், பத்துமலைக் கோயிலோடு சேர்த்து நாம் நினைக்கிற அதே தம்புசாமிப் பிள்ளைதான். அன்று மின்சாரம் பெருமுதலாளிகளின் காரியம். இன்று ரவாங் மாணவர் ஒருவர் ஐம்பது வெள்ளிக்குள் அர்டுயினோ வகை மின்னணுப் பலகை ஒன்றை வாங்கி, விளக்கு எப்போது எரியவேண்டும், எப்போது அணையவேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

பலகை உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் நடுவே கறுப்பாக உட்கார்ந்திருப்பது நுண்கட்டுப்படுத்தி, அதாவது ஒற்றைச் சில்லுக்குள் அடங்கிய குட்டிக் கணினி. வீட்டுச் சலவை இயந்திரத்துக்குள்ளும் இதன் உறவுக்காரர் ஒருவர் இருப்பார். அர்டுயினோவில் யூனோ என்ற பலகையின் சில்லுக்கு வேலை நேரத்து நினைவு வெறும் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையே அதில் முழுதாக அடங்காது.

எல்லாரும் எழுதும் முதல் நிரல் ஒன்றுதான்: எல்இடி ஒரு வினாடி எரியட்டும், ஒரு வினாடி அணையட்டும். சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த ஒரு வினாடிக்குள் சில்லின் கடிகாரம் 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கிறது. வினாடிக்கு ஒன்றாக நாம் எண்ண உட்கார்ந்தால், இரவு பகல் தூங்காமல் ஆறு மாதம் ஆகும். சில்லோ அத்தனை துடிப்பையும் காத்திருப்பதிலேயே செலவழிக்கிறது. நடுவில் யாராவது பொத்தானை அழுத்தி எடுத்தால் அதற்குத் தெரியவே தெரியாது.

விளக்கு பாதி வெளிச்சத்தில் எரியவேண்டுமா? சில்லுக்கு 5 வோல்ட் தெரியும், பூஜ்யம் தெரியும். இடையில் ஒன்றும் தெரியாது. அதனால் வினாடிக்குச் சுமார் 490 முறை போட்டுப் போட்டு அணைக்கிறது. ஏமாறுவது நம் கண்.

பொத்தானுக்கு வந்தால்தான் உண்மையான தலைவலி. எத்தனை முறை அழுத்தினோம் என்று எண்ணச் சொன்னால், ஒருமுறை அழுத்தியதற்கே நான்கு என்று காட்டும். நிரலில் பிழையில்லை, கம்பி இணைப்பும் சரி. உள்ளே இருக்கும் உலோகத் தகடு தொட்டவுடன் சில மில்லிவினாடி துள்ளுகிறது. நம் விரலுக்குத் தெரியாத அந்தத் துள்ளலைச் சில்லு தவறாமல் எண்ணிவிடுகிறது. முதல் தொடுகைக்குப் பிறகு 50 மில்லிவினாடி கண்டுகொள்ளாதே என்று எழுதினால் சரியாகிவிடும். திரையில் மட்டும் நிரல் பழகியவருக்கு இந்தத் தகடு எதிர்ப்படுவதே இல்லை.

இரண்டு கண் வைத்தது போலிருக்கும் மீயொலி உணரி இன்னொரு வித்தைக்காரன். நம் காதுக்கு எட்டாத 40,000 ஹெர்ட்ஸ் ஒலியில் எட்டுத் துடிப்புகளை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். 17 சென்டிமீட்டரில் கையை நீட்டினால் ஒலி போய்த் திரும்ப ஒரு மில்லிவினாடி. அதற்குள் சில்லின் கடிகாரம் 16,000 முறை துடித்திருக்கும் என்பதால் தூரத்தைக் கணக்கிடத் தாராளமாக நேரம் இருக்கிறது. இதையே கால்வாய்க்கு மேலே தலைகீழாகக் கட்டினால் நீர்மட்டம் ஏறுவதைச் சொல்லும். 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சிலாங்கூர்க்காரர்களுக்கு இதன் பயனை விளக்கத் தேவையில்லை.

பலகையின் விலை ஏன் இவ்வளவு குறைவு? அர்டுயினோ 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில், வடிவமைப்பு மாணவர்களுக்காகப் பிறந்தது. மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் சுற்றுப் படத்தையும் மென்பொருளையும் ஊருக்கே திறந்து வைத்தார்கள். திறந்த மூலம் என்பது அதைத்தான். பெயர் மட்டும் வணிகச்சின்னம். படத்தைப் பார்த்து யாரும் பலகை செய்யலாம். பினாங்கின் சைட்ரான் நிறுவனம் அப்படித்தான் மேக்கர் யூனோவைச் செய்தது. எல்இடி, பொத்தான், பஸ்ஸர் எல்லாம் பலகையிலேயே இருப்பதால் முதல் பாடத்துக்குக் கம்பியே வேண்டாம்.

மற்ற உதிரிகளுக்கு ரவாங்கிலிருந்து கொமுட்டர் ஏறிக் கோலாலம்பூர் போய், ஜாலான் பாசார் கடைகளில் தேடலாம். எல்இடியோடு 220 ஓம் மின்தடையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் நேரே இணைத்தால் எல்இடி கருகும், சில சமயம் பலகையின் இணைப்பு முனையும் சேர்ந்து போகும்.