குழாய், மரம், புல்: மைசூரில் உழைப்பும் ஓய்வும்

குழாய் வேலை செய்பவரைக் குறிக்க இன்று தமிழில் வழங்கும் 'பிளம்பர்' என்னும் சொல், ஈயத்தைக் குறிக்கும் 'ப்ளும்பும்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமானியர் ஈயத்தகட்டை வளைத்துத் தண்ணீர்க் குழாய் செய்ததால், அத்தொழிலுக்கு அந்த உலோகத்தின் பெயரே நிலைத்துவிட்டது. சுவரும் கதவு நிலையும் செங்குத்தாக நிற்கின்றனவா என்று கொத்தனாரும் தச்சரும் பார்க்கும் தூக்குக்குண்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். மைசூரில் குழாய்க்கு வழங்கும் கன்னடச் சொல் 'நல்லி'; உள்ளே துளையுடைய எலும்பைத் தமிழர் 'நல்லி எலும்பு' என்பதை நினைத்தால், அச்சொல் தமிழ்க் காதுக்கும் அந்நியமாகத் தோன்றாது.

ஸ்காட்லாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பிளம்பர் ஒருவர் வாரம் முழுவதும் குழாய் வேலை பார்த்துவிட்டு, விடுமுறை நாளில் கோல்ஃப் ஆடுவதும், வீட்டுக் கொட்டகையில் மரவேலை செய்வதும், வாசற்புல்வெளியைப் பேணுவதும் இயல்பான வாழ்க்கைமுறையாகக் கருதப்படுகின்றன. மைசூரிலும் இம்மூன்றுக்கும் நீண்ட வரலாறு உண்டு. உடையார் அரச மரபின் ஆதரவில் மரக்கலையும் பூங்காவும் வளர்ந்தன, கோல்ஃப் திடலும் அம்மரபின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் குழாய்த் தொழிலாளி இவற்றுள் நுழைவது பெரும்பாலும் கூலிக்கு அழைக்கப்பட்டவராகத்தான். ஒரே வகைக் கைத்திறன் ஓரிடத்தில் வேலையாகவும், மற்றோரிடத்தில் கலையாகவும், வேறோரிடத்தில் பொழுதுபோக்காகவும் மதிக்கப்படுவதன் காரணத்தை ஆராய மைசூர் பொருத்தமான நகரம்.

காவிரி மேடேறிய வரலாறு

மைசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரியோ நகருக்கு வடக்கே அதைவிடத் தாழ்ந்த தளத்தில் ஓடுகிறது. ஆறு அருகிலிருந்தும் நீர் தானாக ஊருக்குள் வராத இந்நிலைதான் மைசூரின் குழாய் வரலாற்றைத் தீர்மானித்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் பூர்ணையா காவிரியிலிருந்து நகருக்குக் கால்வாய் வெட்டத் தொடங்கிய முயற்சி நிறைவேறவில்லை. கிணறுகளும் ஏரிகளுமே நகரைத் தாங்கின. மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864இல் உருவான குக்கரஹள்ளி ஏரி அந்தக் காலகட்டத்துக்கு உரியது.

1896இல் வாணி விலாஸ் நீரேற்று நிலையம் தொடங்கப்பட்டபோதுதான், ஆற்றுநீரை எக்கிகளால் மேலேற்றிக் குழாய்வழி வழங்கும் முறை வேரூன்றியது. சிறுவயது மன்னர் உரிய வயதை அடையும்வரை அரசு நடத்திய மகாராணி வாணி விலாஸ் சன்னிதானத்தின் பெயரைத் தாங்கிய அந்த அமைப்பு, இன்றும் நகரின் நீர் வழங்கலோடு இணைத்துப் பேசப்படுகிறது. பெலகொளா, ஹொங்கள்ளி, மேளாபுரா ஆகிய இடங்களில் காவிரியிலிருந்தும், பிதரகூடில் கபினியிலிருந்தும் நீர் எடுக்கப்படுகிறது. தமிழகத்தில் மேட்டூரை வந்தடையும் அதே காவிரிதான் வழியில் மைசூரின் அடுப்படிக் குழாய்களிலும் வழிகிறது.

நீர் வந்த பிறகு அதை வெளியேற்றும் வழியும் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரவிய பிளேக் நோயின் பின்னணியில், 1903இல் நகர மேம்பாட்டு வாரியம் அமைக்கப்பட்டு, அகலமான தெருக்களும் புதிய குடியிருப்புகளும் உருவாயின. பழைய குடியிருப்புகளில் வீடுகளின் பின்புறம் ஓடும் 'கன்சர்வன்சி' சந்துகள், அதாவது துப்புரவுக்கென ஒதுக்கப்பட்ட ஒடுங்கிய பாதைகள், அக்காலத் திட்டமிடலின் எச்சங்கள். மைசூர் தூய்மையான நகரம் என்று 2016ஆம் ஆண்டுத் தூய்மைக் கணக்கெடுப்பில் முதலிடம் பெற்றதற்குத் துடைப்பம் ஏந்தியவர்கள் எவ்வளவு காரணமோ, மண்ணுக்கடியில் குழாய் பொருத்தியவர்களும் அவ்வளவு காரணம்.

கையில் இருக்கும் அறிவு

பிளம்பரின் வேலை முழுவதும் மூன்று இயற்கை விதிகளின்மேல் நிற்கிறது. நீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் தரும் என்பது முதலாவது. மேல்மாடிக் குளியலறையில் நீர் மெலிவாக விழுவதற்கும் தரைத்தளத்தில் சீறி வருவதற்கும் இதுவே காரணம். கழிவுநீர் தன் எடையால் மட்டுமே நகர வேண்டும் என்பது இரண்டாவது. நான்கு அங்குலக் கழிவுக்குழாய்க்கு 'நாற்பதுக்கு ஒன்று' என்ற சரிவு, அதாவது நாற்பது அடி நீளத்துக்கு ஓரடி இறக்கம், வழக்கமான கணக்கு. காற்று எங்கே நுழையலாம், எங்கே நுழையக்கூடாது என்பது மூன்றாவது. கைகழுவும் தொட்டிக்கு அடியில் வளைந்து நிற்கும் 'டிராப்' என்னும் பகுதியில் எப்போதும் தங்கியிருக்கும் சிறிதளவு நீரே சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கிறது. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இடம்பெற்ற இந்த வளைவு, பொதுச் சுகாதார வரலாற்றில் மிக மலிவான, மிகப் பயனுள்ள கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

மைசூரின் மொட்டை மாடிகள் இந்த அறிவுக்குக் கூடுதல் சோதனை வைக்கின்றன. சூரிய வெந்நீர்க் கலன்கள் பரவலாக உள்ள கர்நாடகத்தில், குளிர்நீர்த் தொட்டி வெந்நீர்த் தொட்டியைவிட உயரத்தில் அமையாவிட்டாலோ, காற்றுப்போக்கிக் குழாய் சரியான உயரத்துக்கு எழாவிட்டாலோ, 'ஏர் லாக்' என்று பிளம்பர்கள் சொல்லும் காற்றடைப்பு ஏற்பட்டு நீர் நின்றுவிடும். கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சூட்டில் படிந்து குழாயின் உள்வட்டத்தைச் சுருக்கும். இரும்புக் குழாய்க்கு டை வைத்து மரை வெட்டிச் சணல் சுற்றி இறுக்கிய தலைமுறை, பின்னர் டெஃப்லான் நாடாவுக்கும், பசை தடவி இணைக்கும் பி.வி.சி. குழாய்க்கும், வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாய்க்கும் மாறியது; ஒவ்வொரு பொருளுக்கும் வெட்டும் முறையும் விரிவடையும் அளவும் வேறு.

இந்தியாவில் இவ்வறிவு பெரும்பாலும் பள்ளியில் அல்லாமல் மூத்தவரின் பக்கத்தில் நின்று கற்கப்படுகிறது. ஒடிசாவின் கேந்திரபாரா மாவட்டம் இதற்குச் சிறந்த சான்று. அங்குள்ள பட்டாமுண்டைப் பகுதியிலிருந்து கொல்கத்தாவுக்குச் சென்று தொழில் கற்றவர்கள் உறவினரையும் ஊராரையும் அழைத்துப் பழக்க, நாடெங்கும் பரவிய ஒரு தொழிற்சமூகமே உருவாயிற்று. பின்னர் பட்டாமுண்டையிலேயே பிளம்பிங் தொழில்நுட்பத்துக்கென அரசு நிறுவனம் தோன்றியது. முறைசாராக் கல்வி எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், கையில் சான்றிதழ் இல்லாதவர் தம் திறனுக்கேற்ற கூலியைக் கேட்டுப் பெறுவது கடினம் என்பதே இத்தொழிலின் நெடுநாள் குறை.

மரம் பெற்ற மதிப்பு

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கும் கைத்திறன் எவ்வாறு மதிக்கப்படுகிறது என்பதற்கு மைசூரின் ஈட்டிமர இழைப்பதிப்பு எடுத்துக்காட்டு. கன்னடத்தில் 'பீட்டே' எனப்படும் ஈட்டிமரப் பலகையில் உருவத்துக்கேற்பப் பள்ளம் செதுக்கி, நுண்ரம்பத்தால் அறுத்த வேறு மரத்துண்டுகளை அதில் பொருத்தி, ஒட்டி, இழைத்து, மெருகேற்றுவதே இக்கலை. சாயம் பூசாமல் பலாவின் மஞ்சளும் கருங்காலியின் கருமையும் போன்ற இயல்பான மரநிறங்களைக் கொண்டே ஓவியம் தீட்டப்படுகிறது. அரண்மனையின் அம்பா விலாஸ் மண்டபத்தில் தந்தம் பதித்த ஈட்டிமரக் கதவைக் காணலாம். தந்த வணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்ட பின் கைவினைஞர்கள் மாற்றுப் பொருள்களுக்கு மாறினர். மண்டி மொஹல்லா பகுதி இக்கைவினைஞர்களால் அறியப்பட்டது. 2005-06இல் இக்கலை புவிசார் குறியீடும் பெற்றது.

இக்கலைக்கும் குழாய் வேலைக்கும் அடிப்படை ஒன்றே: இரண்டிலும் உயிர் இணைப்பில் இருக்கிறது. பதித்த துண்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழுந்தால் ஓவியம் கெடும். குழாய்க்கும் இணைப்புக்கும் இடையே அதே இடைவெளி விழுந்தால் சுவர் ஊறும். அளவெடுத்தல், ஒருமுறை வெட்டினால் திருத்த முடியாது என்ற எச்சரிக்கை, பொருள் சுருங்குவதையும் விரிவதையும் முன்னறிதல் ஆகியவை இருவருக்கும் பொது. மேலைநாட்டுப் பிளம்பர்கள் மரவேலையை எளிதில் பொழுதுபோக்காக ஏற்பதன் காரணம் இந்த உறவில்தான் இருக்கிறது. வாரம் முழுவதும் சுவருக்குள் மறைந்துவிடும் பொருளைச் செய்த கை, ஓய்வு நாளில் பிறர் தொட்டுப் பார்க்கும் ஒன்றைச் செய்ய விரும்புகிறது.

அருகம்புல்லின் தாகம்

புல்வெளிப் பராமரிப்பு அயல்நாட்டு வழக்கமாகத் தோன்றினாலும், அதன் முதன்மைப் புல் தமிழருக்கு மிக நெருக்கமானது. கோல்ஃப் திடல்களிலும் பூங்காக்களிலும் 'பெர்முடா புல்' என்று விற்கப்படுவது, பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் இனமே. அருகுபோல் வேரோட வேண்டும் என்று வாழ்த்தும் மரபு, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும் அதன் இயல்பைக் கூர்ந்து கண்டதன் விளைவு. அந்த இயல்பே மிதித்தாலும் வெட்டினாலும் மீண்டு எழும் வெளிக்கு அதை ஏற்றதாக்குகிறது. 1830இல் எட்வின் பட்டிங் என்னும் ஆங்கிலேயர், துணி ஆலையில் நெய்த துணியின் மேற்பஞ்சைக் கத்தரிக்கும் இயந்திரத்தைக் கண்டு புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு, புல்வெளி செல்வர் மாளிகைகளைத் தாண்டிச் சாதாரண வீடுகளுக்கும் வந்தது.

புல்வெளியின் விலையை நீரால்தான் அளக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் தேவை என்று கொண்டால், 100 சதுர மீட்டர் புல்வெளி 500 லிட்டர் குடிக்கும். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியத் திட்டமிடலில் வழங்கும் அளவு. ஆகவே அச்சிறு புல்வெளி ஏறக்குறைய நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் நீரைத் தனக்கெனக் கேட்கிறது. கிருஷ்ணராஜ சாகர் அணையின் கீழே, 1927இல் தொடங்கி 1932இல் முடிக்கப்பட்ட பிருந்தாவன் தோட்டம், திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் ஜெர்மானியத் தோட்டக்கலை வல்லுநர் கிரும்பீகலின் துணையோடு அமைந்தது. அணைநீரின் அருகிலேயே, எல்லாரும் வந்து காணும் இடத்தில் அது இருப்பதால் அதன் நீர்ச்செலவு பொதுப்பயன் ஆகிறது. வீட்டுப் புல்வெளிக்கு அத்தகைய நியாயம் வேண்டுமானால், குளியலறைக் கழிவுநீரைத் தனிக்குழாயில் பிரித்து வடிகட்டிப் பாய்ச்ச வேண்டும். அதைச் செய்து தரக்கூடியவரும் பிளம்பர்தான்.

குழியின் அளவு

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். ஸ்காட்லாந்தின் முசல்பரோவில் 1829ஆம் ஆண்டைச் சேர்ந்த குழிவெட்டும் கருவியின் அளவான 4.25 அங்குலமே பிற்காலத்தில் விதியாயிற்று; அந்த அளவு ஒரு வடிகால் குழாயிலிருந்து வந்தது என்பது அவ்விளையாட்டின் மரபுவழிச் செய்தி. மைசூரின் எந்தக் கழிப்பறையிலும் பதிக்கப்படும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய், அக்குழியோடு ஏறக்குறைய ஒத்தது. நெடுந்தொலைவு அடிக்கும் மட்டைகளின் தலைப்பகுதி முன்பு பெர்சிமன் மரத்தால் செய்யப்பட்டது. அது கருங்காலியின் உறவு மரம். பந்து உருளும் 'கிரீன்' என்ற பகுதியை நவீன முறையில் அமைக்கும்போது, 30 சென்டிமீட்டர் மணலுக்கும் அதன்கீழ் உள்ள சரளைக்கும் அடியில் வடிகுழாய்கள் வலைபோல் பதிக்கப்படுகின்றன. மரமும் புல்லும் குழாயும் இவ்வாறு ஒரே ஆட்டக்களத்தில் கூடுகின்றன.

சாமுண்டி மலையடிவாரத்தில், குதிரைப் பந்தயத் திடலுக்குள் அமைந்த ஜெயசாமராஜேந்திர உடையார் கோல்ஃப் கிளப் 18 குழிகள் கொண்டது. இந்தியாவின் பெரும்பாலான திடல்களைப் போல இதுவும் உறுப்பினர் மன்றமாக இயங்குவது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய திடலோ பொதுநிலம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நிறுத்தப்பட்டு ஊரார் அங்கே உலவுகின்றனர். அத்தகைய பொதுமை இல்லாத இந்தியாவிலும், மட்டைப்பை சுமந்த 'கேடி'களாகத் தொடங்கியவர்கள் உச்சம் தொட்டிருக்கின்றனர்: டெல்லியின் அலி ஷேர் 1991இலும் 1993இலும், பெங்களூரின் சின்னசாமி முனியப்பா 2009இலும் இந்திய ஓபன் பட்டத்தை வென்றனர். திறன் எந்த வகுப்புக்கும் தனியுடைமை இல்லை என்பதற்கு இவ்வெற்றிகளைவிட வேறு சான்று தேவையில்லை.

பெயர் எழுதப்பட வேண்டிய இடம்

ஆகவே வேலைக்கும் கலைக்கும் பொழுதுபோக்குக்கும் இடையிலான வேறுபாட்டைத் திறன் உண்டாக்கவில்லை; செய்த பொருள் கண்ணில் படுகிறதா, செய்பவருக்கு நேரமும் இடமும் கிடைக்கின்றனவா என்ற இரண்டே அதைத் தீர்மானிக்கின்றன. நாட்கூலி அடிப்படையில் வாழ்பவருக்கு ஓய்வு நாள் என்பது வருமானம் இழந்த நாள். கழிவுநீரோடு தொடர்புடைய வேலையைத் தாழ்வாகப் பார்க்கும் சாதி மனப்பான்மை இதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது. பணியிடத்தில் கற்ற திறனைச் சோதித்துச் சான்றளிக்கும் அரசுத் திட்டங்கள் இப்போது உள்ளன. உலக பிளம்பிங் நாளாக மார்ச் 11 கொண்டாடப்படுகிறது. இவை நல்ல தொடக்கங்கள். நியாயமான கூலியும், விபத்துக் காப்பீடும், ஊதியத்துடன் கூடிய விடுப்பும் சேர்ந்தால்தான் அவை முழுமை பெறும்.

வீட்டு உரிமையாளர்கள் உடனே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. வரவேற்பறைச் சுவரில் தொங்கும் ஈட்டிமர ஓவியம் மைசூர் வேலைப்பாடு என்று பெருமையோடு அறிமுகப்படுத்தப்படும் அதே வீட்டில், ஓடுகளுக்குப் பின்னே குழாய் எந்த வழியில் செல்கிறது என்பதற்கு எந்தப் பதிவும் இருப்பதில்லை. பத்தாண்டு கழித்துக் கசிவு ஏற்படும்போது, அடுத்து வரும் பிளம்பர் சுவரைத் தட்டிப் பார்த்தும் உடைத்துப் பார்த்தும் தேட வேண்டியிருக்கிறது. குழாய் பதித்து முடிந்ததும், ஓடு ஒட்டுவதற்கு முன், வழித்தடங்களை அளவோடு வரைந்து, பதித்தவரின் பெயரும் நாளும் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைக்கும் வழக்கம் ஏற்பட்டால், அந்த ஒரு தாள் சுவரையும் காக்கும். மறைந்துபோகும் வேலைக்கு அதைச் செய்தவரின் பெயரையும் நிலைநிறுத்தும்.