கேஸை வாபஸ் வாங்குவதற்கு முன்

ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். "முதல்ல கேஸை வாபஸ் வாங்குப்பா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்கள். வாதியும் மறுநாளே வக்கீல் முன் போய் நிற்பார். சொத்து, கடன், பாதை என்று எந்த உரிமையியல் வழக்காக இருந்தாலும், ஏமாந்துபோக அதிக வாய்ப்புள்ள இடம் இதுதான்.

வழக்குப் போட்டவர் அதைக் கைவிட எதிராளியின் சம்மதம் தேவையில்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 23-ஆம் கட்டளை அந்த உரிமையைத் தருகிறது. வாதிகள் பலர் இருந்தால் ஒருவர் மட்டும் மற்றவர்களைக் கேட்காமல் விலக முடியாது. மைனருக்காகப் போட்ட வழக்கு என்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும்.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. "வழக்கை வலியுறுத்தவில்லை" என்று ஒரே வரியில் மெமோ போட்டு, நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டால், அதே விஷயத்துக்காக வாதி மறுபடி வழக்குப் போடவே முடியாது. தீர்ப்பில் தோற்றவருக்காவது மேல்முறையீடு இருக்கிறது. தானே கைவிட்டவருக்குப் பெரும்பாலும் அந்த வழியும் இல்லை. எதிராளியின் செலவுத் தொகையையும் கட்டச் சொல்லலாம்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியேற வேண்டுமானால், புதிதாக வழக்குத் தொடர அனுமதி கேட்டுத் தனி மனுவும் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குத் தகுந்த காரணமும் வேண்டும். உதாரணமாக, அரசுக்கு எதிரான வழக்குக்கு முன் அதே சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்பு தர வேண்டும். அதைத் தராமலே கலெக்டரைப் பிரதிவாதியாகச் சேர்த்துவிட்டார் ஒருவர் என்று வையுங்கள். இது வழக்கையே கவிழ்க்கும் முறைசார்ந்த குறை. இதுபோன்ற குறைக்கோ, போதுமான வேறு காரணத்துக்கோ அனுமதி கிடைக்கும். சாட்சி சரியாகச் சொல்லவில்லை, ஆவணம் போதவில்லை என்பதெல்லாம் செல்லாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், இரண்டாம் மேல்முறையீடு வரை வந்தபின் இந்த அனுமதியைக் கேட்டவுடன் தூக்கிக் கொடுத்துவிடக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அது நியாயம்தான். ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்த பிரதிவாதிக்கும் நிம்மதி வேண்டும்.

அனுமதி கிடைத்தாலும் காலக்கெடு காத்திருக்காது. புரோநோட்டுக் கடனுக்கு மூன்று ஆண்டு கெடு. இடையில் வரவு ஏதும் வைக்காத நோட்டுக்குக் கடைசி மாதத்தில் வழக்குப் போட்டு, ஓராண்டு கழித்து அனுமதியோடு வாபஸ் வாங்கினால், முதல் வழக்கே போடாதது போலத்தான் சட்டம் நாளை எண்ணும். புது வழக்கு கெடு தாண்டியதாகிவிடும். தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு, முனைப்பாக நடத்திய வழக்கு போன்றவற்றுக்கு மட்டும் காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது.

உண்மையிலேயே சமாதானம் ஆகிவிட்டது என்றால் வாபஸ் வாங்காமல் இருப்பதே மேல் என்பேன். பேசிய நிபந்தனைகளை எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு நீதிமன்றத்தில் கொடுத்தால், அதே 23-ஆம் கட்டளையின் 3-ஆம் விதிப்படி சமரசத் தீர்ப்பாணை கிடைக்கும். எதிராளி பேச்சு மாறினால் நேரே நிறைவேற்று மனு போடலாம். வெறும் வாய்ப்பேச்சை நம்பி வாபஸ் வாங்கியவரின் கையில் இதெல்லாம் எதுவும் இருக்காது. சமரசத்தில் முடித்தால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது உண்டு என்று, தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-அ பிரிவுக்கு விளக்கம் தந்து 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாபஸ் தாளில் கையெழுத்துக் கேட்டால், அதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக வழக்குத் தொடரும் உரிமை கேட்கப்பட்டிருக்கிறதா, கெடுவில் எத்தனை நாள் மிச்சம் என்று வக்கீலிடம் கேளுங்கள். ஆணை வந்ததும் அதன் சான்றிட்ட நகலை வாங்கி, அந்த உரிமை அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.