ஓசி புக்கு... படிச்சீங்களா பாஸ்?

காதர்பேட்டைக்குப் போயிருக்கீங்களா பாஸ்? எக்ஸ்போர்ட் மிச்சம், சல்லிசான விலைன்னு பத்து டி-ஷர்ட்டை அள்ளிட்டு வருவோம். அதுல எட்டு, மடிப்புக் கலையாம பீரோவிலேயே கிடக்கும். என் மொபைல்ல இருக்கற இ-புக் ஃபோல்டரும் அதே கதைதான். மொத்தம் 412 புத்தகம். முழுசாப் படிச்சது... சிரிக்காதீங்க, மூணே மூணு!

காசு கொடுக்காம டவுன்லோடு பண்றோமே, அது யாரோட உழைப்புன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கோமா? 1998 பொங்கலுக்கு ஆரம்பமானது 'மதுரைத் திட்டம்'. சுவிட்சர்லாந்துல இருந்து முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் பைசா வாங்காம வரி வரியா டைப் அடிச்சு, பிழை திருத்தி, நெட்ல ஏத்தினாங்க. யூனிகோட் பரவாத காலம் அது. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா தமிழெல்லாம் ஜாங்கிரி ஆகிடும்! அப்படி வளர்ந்த தொகுப்புல கல்கியோட 'பொன்னியின் செல்வன்' அஞ்சு பாகமும் இருக்கு.

இங்கேதான் எங்க அம்மா என்ட்ரி. பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. அந்தக் காலத்துல கல்கி இதழ்ல இந்தத் தொடர் திரும்ப வந்தப்போ, எங்க அம்மாயி வாராவாரம் பக்கங்களைக் கிழிச்சு பைண்டு பண்ணி வெச்சிருந்தாங்க. அம்மா படிக்கற வயசு வர்றதுக்குள்ள நாலாவதும் அஞ்சாவதும் இரவல் போயிடுச்சு. போனது போனதுதான். மூணு பாகத்தோட நின்னுபோன கதை, 30 வருஷமா!

போன வருஷம் என் ஃபோல்டரை அப்படியே அம்மா மொபைலுக்கு அனுப்பினேன். ஸ்கேன் பண்ணின பி.டி.எஃப். எழுத்து எறும்பு சைஸ். பெருசு பண்ணினா வரி ஓரத்துல ஓடிடும். "உன் புக்கும் வேண்டாம், கண்ணுவலியும் வேண்டாம் சாமி"ன்னுட்டாங்க. அப்புறம் இ-பப் ஃபைல் தேடிக் கொடுத்தேன். அதுல எழுத்தைப் பெருசாக்கினா வரியும் தானா மடங்கிக்கும். 2013-ல ஆரம்பிச்ச 'ஃப்ரீ தமிழ் இபுக்ஸ்' தளத்துலயும் இ-பப், ஆறு இன்ச் பி.டி.எஃப்.னு போனுக்கு ஏத்த மாதிரி கொடுக்கறாங்க. எழுத்தாளர்கள் விரும்பிக் கொடுத்த புத்தகங்கள் அவை.

கல்கி விஷயத்துலயும் குற்ற உணர்ச்சி வேண்டாம். 1954-ல மறைந்தார். 1999-ல தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கிடுச்சு. ஆனா, போன மாசம் வெளிவந்த நாவலை டெலிகிராம்ல சுடறீங்களே, அது வேற. பெரிய பிராண்டு லேபிளை ஒட்டின டூப்ளிகேட் பனியன் கணக்கு. நம்ம ஊர்க்காரங்களுக்கு அதோட வலி தெரியணும்!

இப்போ ஒன்றரை ஷிப்ட் முடிச்சு வந்தாலும் அம்மாவுக்கு ராத்திரி ரெண்டு அத்தியாயம் ஓடியாகணும். போன வாரம் சாப்பிடும்போது கேட்டாங்க, "ஏன் கண்ணு, இதுல 400 புக்கு இருக்குதே... நீ எதைப் படிச்சே?"

சார்ஜரைத் தேடற மாதிரி நைசா எழுந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரியே ஃபோல்டர்ல கை வெச்சேன். திறக்காத பி.டி.எஃப். எல்லாம் காலி. பத்து மட்டும் மிச்சம். அம்மா அஞ்சாவது பாகத்துல இருக்காங்க. நான்? வந்தியத்தேவனை இன்னும் வீராணம் ஏரிக்கரையிலேயே நிறுத்தி வெச்சிருக்கேன்.