ஜப்பானில் ஓர் இளம் ஆசிரியர்

நாட்டு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் போர்களையும் உடன்படிக்கைகளையும் அரசாணைகளையுமே வரிசைப்படுத்திச் செல்வர். அவ்வாணைகள் ஒரு சிறு நகரத்துப் பள்ளியில் எவ்வாறு வந்து விழுந்தன, அன்று அங்கிருந்தார் முகங்கள் எவ்வாறு மாறின என்பவற்றை அறிய வேண்டுமாயின், அவ்விடத்து வாழ்ந்த ஒருவர் அவ்வப்போது எழுதிவைத்த குறிப்புக்களையே நாம் நாடவேண்டும். அத்தகைய குறிப்புக்களை நமக்கு விட்டுச் சென்றவருள் ஒருவர் வில்லியம் எலியட் கிரிபிஸ் என்னும் அமெரிக்க இளைஞர். 1871-ஆம் ஆண்டில் ஜப்பானின் புகுயி என்னும் நகரில் ஆசிரியராயிருந்த இவர், தாம் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் பதிந்துவைத்து, 1876-இல் 'மிக்காடோவின் பேரரசு' என்னும் பெருநூலாக வெளியிட்டார். அந்நூலின் முற்பகுதி நாட்டு வரலாறு. பிற்பகுதி அவர்தம் சொந்த அனுபவம். அப்பிற்பகுதியே ஈண்டு நம் கருத்துக்கு உரியது.

கிரிபிஸ் 1843-இல் பிலடெல்பியா நகரிற் பிறந்தவர். நியூ பிரன்ஸ்விக் என்னும் ஊரிலுள்ள ரட்கர்ஸ் கல்லூரியிற் பயின்று 1869-இற் பட்டம் பெற்றார். அக்கல்லூரி டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் தொடர்புடையது. அத்திருச்சபையின் ஊழியராய் ஜப்பானில் இருந்த கைடோ வெர்பெக் என்பார், அந்நாட்டு இளைஞர் சிலர் ரட்கர்ஸுக்குச் செல்லத் துணைபுரிந்தார். கடல் கடந்து செல்வோர்க்கு மரணதண்டனை என்றிருந்த பழஞ்சட்டம் 1866-இலேதான் நீக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே துணிந்து புறப்பட்டவர் குசாகாபே தாரோ என்னும் புகுயி இளைஞர். கிரிபிஸினும் இரண்டே ஆண்டு இளையவர். ஜப்பானிய மாணவர்க்கு ஆங்கிலமும் இலத்தீனும் கற்பித்துவந்த கிரிபிஸுக்கு அவர் மாணவரும் நண்பரும் ஆனார். கணக்கில் மிக வல்லவராய் விளங்கிய அவ்விளைஞரைக் காசநோய் பற்றிக்கொண்டது. பட்டம் பெறுதற்குச் சில கிழமைகளே எஞ்சியிருக்க, 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். கல்லூரியார் அவர் மறைந்த பின்னரும் அவருக்குப் பட்டம் வழங்கினர். கல்வியிற் சிறந்தாரை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் பை பீட்டா கப்பா என்னும் சங்கமும் அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. அவருடல் நியூ பிரன்ஸ்விக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

அவ்வாண்டிலேயே, புகுயிச் சிற்றரசின் பள்ளிக்கு அறிவியல் கற்பிக்க ஓர் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை வெர்பெக் வழியாக ரட்கர்ஸுக்கு வந்தது. கல்லூரிப் பேராசிரியர்கள் கிரிபிஸைத் தெரிந்தெடுத்தனர். 1870 டிசம்பர் இறுதியில் யோகோகாமாத் துறைமுகத்தில் இறங்கிய அவர், பிவா ஏரியைக் கடந்து, பனி மூடிய மலைவழியே குதிரையேறிச் சென்று, 1871 மார்ச்சுத் திங்கள் 4-ஆம் நாள் புகுயியை அடைந்தார். அப்போது அவர்க்கு வயது 27.

நகரைக் கண்ட முதல் நாளில் அவர் உள்ளம் சோர்ந்தது. கீழ்த்திசை நகரமெனின் மாடமாளிகைகளும் பொன்னும் பட்டும் நிறைந்திருக்கும் என நூல்களாற் கற்பனை செய்திருந்த அவர் கண்டவையோ, தாழ்ந்த மரவீடுகளும் சேறு நிறைந்த தெருக்களும் வறுமை மிக்க மக்களுமே. இதனை அவர் மறையாது எழுதியுள்ளார். கற்பனை பொய்த்தமைக்கு அந்நகரம் என்செய்யும்? இக்குறிப்பு அவர்க்குப் பெருமை தருவதன்று. எனினும் இதனை எழுதிவைத்த உண்மையே பின்னர் அவர் கூறுவனவற்றை நாம் நம்புதற்குக் காரணமாகின்றது.

பள்ளிக்கூடம் கோட்டைக்குள் இருந்தது. மாணவர் அனைவரும் சாமுராய் எனப்படும் போர்க்குடியினர். உச்சிக்குடுமியும் வைக்கோற் செருப்பும் இடையில் இரண்டு வாளுமாக அவர் வகுப்புக்கு வந்தனர். இவர்க்கு வேதியியலும் இயற்பியலும் எங்ஙனம் கற்பிப்பது என்று ஆசிரியர் முதலில் மலைத்தார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வாய்வழியே பாடம் நடந்தது. நாளடைவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. மாணவர் தம் கையாலேயே சோதனைகள் செய்யத் தொடங்கினர். வாளேந்திய கைகள் கண்ணாடிக் குழாயை ஏந்தின. அவர்தம் பணிவும் கற்பதில் அவர் காட்டிய வேட்கையும் ஆசிரியரின் முதல் எண்ணத்தைச் சிறிது சிறிதாய் மாற்றின. சேறு நிறைந்த அத்தெருக்களிலிருந்துதானே குசாகாபேயும் புறப்பட்டு வந்தார்!

புகுயிக்கு வரும்போது கிரிபிஸ் ஒரு சிறு பொருளைத் தம்முடன் கொண்டுவந்திருந்தார். அஃது அச்சங்கத்தார் குசாகாபேக்கு அளித்த பொற்சாவி. மகனை இழந்த தந்தை புகுயியில் வாழ்ந்திருந்தார். அம்முதியவர் கையில் அச்சாவியை ஆசிரியர் ஒப்படைத்தார். ஒருவர் மொழி மற்றவர்க்கு விளங்காத அவ்வேளையில், மகன் எத்துணை உயர்ந்தான் என்பதை எடுத்துரைக்கச் சாவி ஒன்றே போதுமானதாயிற்று. கல்வி தேடிக் கடல் கடந்த மாணவன் அங்கேயே மண்ணில் உறங்க, அவன் ஆசிரியர் அவன் ஊரைத் தேடி வந்தார். அவர் தாம் கற்பிக்க வந்த பணியை ஒரு கடன் தீர்ப்பதாகவும் கருதியிருப்பார் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் டோக்கியோவிலிருந்து ஓர் ஆணை பிறந்தது. சிற்றரசுகள் யாவும் ஒழிக்கப்பட்டன. நாடு முழுவதும் பேரரசரின் நேர் ஆட்சிக்கு உட்பட்டது. புகுயியில் அச்செய்தி இடிபோல் விழுந்ததைக் கிரிபிஸ் நேரிற் கண்டார். தலைமுறை தலைமுறையாய் வந்த வருவாய் குறையக் கண்ட சாமுராய்களுட் சிலர், சீர்திருத்தம் பேசியவரைக் கொல்வோம் என வெகுண்டனர். வேறு சிலர், நாடு உய்ய வேண்டின் இஃது ஒன்றே வழி என்று தெளிந்து கூறினர். நகரத்து அலுவலர் எண்ணிக்கை 500-லிருந்து 70-ஆகக் குறைக்கப்படும் என்பதையும் அவர் குறித்துள்ளார். அக்டோபர் முதல் நாள், சிற்றரசர் மாத்சுதைரா மோச்சியாகி தம் குடியினரிடம் விடைபெற்றார். கோட்டையின் பெரிய கூடத்தில் ஆயிரக்கணக்கான சாமுராய்கள் சடங்குடை அணிந்து, வாளை முன்வைத்து மண்டியிட்டு அமர்ந்திருக்க, எழுநூறு ஆண்டுக்குக் குறையாத போர்க்குடி ஆட்சிமுறை அமைதியாய் முடிவெய்திற்று. அக்காட்சியைக் கண்ட மேல்நாட்டார் மிகச் சிலரே. அதனை விரித்தெழுதி வைத்த ஆசிரியர் இவர்.

அக்காலத்துக் கிறிஸ்து மதம் ஜப்பானில் தடைசெய்யப்பட்டிருந்தது. அத்தடையை அறிவிக்கும் பலகைகள் 1873-இலேதான் அகற்றப்பட்டன. கிரிபிஸின் கல்லூரித் தோழரான எட்வர்டு வாரன் கிளார்க்கு என்பார், அவர் பரிந்துரையால் ஷிசுவோக்கா நகரத்துப் பள்ளிக்கு 1871-இறுதியில் வந்தார்; வயது 22. மூன்றாண்டுக்குத் தம் சமயம் பற்றி வாய் திறக்கலாகாது என்ற விதி ஒப்பந்தத்தில் இருக்கக் கண்டு, வேலை போயினும் போகுக என்று கையொப்பமிட மறுத்தார். கையிற் பொருளின்றி அயல்நாட்டில் நின்ற இளைஞரின் உறுதி வென்றது, அவ்விதி நீக்கப்பட்டது. வாயை அடைத்துக்கொண்டு அறிவை மட்டும் விற்க அவர் மனம் ஒருப்படவில்லை.

சிற்றரசு ஒழியவே புகுயிப் பள்ளியும் தன் பழைய நிலையிலிருந்து தளர்ந்தது. திறமிக்க மாணவர் பலர் தலைநகர் நோக்கிச் சென்றனர். கிரிபிஸும் 1872 சனவரியில் புகுயியை நீங்கி டோக்கியோவில் 1874 வரை கற்பித்தார். அவர் தமக்கை மார்கரெட் அந்நகரில் பெண்கள் பள்ளியில் ஆசிரியப்பணி புரிந்தார். தாய்நாடு திரும்பிய கிரிபிஸ் திருச்சபைக் குருவாகவும் நூலாசிரியராகவும் விளங்கி, 1926-இல் முதுமையில் ஒருமுறை ஜப்பானுக்கு மீண்டு வந்து, 1928-இல் மறைந்தார். புகுயியும் நியூ பிரன்ஸ்விக்கும் 1982-இல் சகோதர நகரங்களாயின. அவர் வாழ்ந்த வீட்டின் வடிவில் எழுப்பிய நினைவில்லம் ஒன்று இன்று புகுயியில் நிற்கின்றது.

கிரிபிஸ் புகுயியில் இருந்த காலம் ஓராண்டும் நிரம்பாதது. அவர் கற்பித்த வேதியியற் பாடங்களை இன்று அங்கு எவரும் நினைவுகூரார். நிலைத்து நின்றவை இரண்டு: ஒன்று, தம் பிழையான முதல் எண்ணத்தையும் மறைக்காத அவர் குறிப்பேடு, மற்றொன்று, இறந்த மாணவனுக்கு உரியதை அவன் இல்லத்தில் சேர்ப்பித்த அன்பு. அயல்நாடு சென்று கற்பிக்க விரும்பும் நம் மாணவர் இவ்விரண்டையும் நெஞ்சிற் கொள்வாராக. செல்லும் நாட்டிற்கு நாம் கொடுக்கப்போவது யாது என்று எண்ணுமுன், அந்நாட்டார்க்கு நாம் ஏற்கெனவே பட்டுள்ள கடன் யாது என்று எண்ணுதல் நலம். அவ்வெண்ணம் உடையார்க்குச் சேறு நிறைந்த தெருவும் கல்விச்சாலையாகும்.