மாமியார் சாப்பிடவில்லை என்றால் மருமகள் குற்றமா?



"மாமியாருக்கு யாரையும் அடையாளம் தெரியல. பேச்சும் நின்னுபோச்சு. நாலு வாய் ஊட்ட ஒரு மணி நேரம் ஆகுது. பார்க்க வர்றவங்க, மருமக சோறு போடாம இளைக்க வெச்சுட்டான்னு பேசறாங்க." குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா இப்படிச் சொல்லி அழுதார். சேமிப்பு வசூலை நிறுத்திவிட்டு அன்று இதைப் பற்றித்தான் பேசினோம்.

டிமென்ஷியா எனும் மறதி நோய் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும். இது பிடிவாதமும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. முதலில் ஞாபகம் போகும். பிறகு பேச்சு, நடை. கடைசியில் விழுங்கும் சக்தியும் குறையும். அதைத் திருப்பிக் கொடுக்க மருந்து இல்லை. ஆகவே சாப்பாடு குறைவது நோயின் போக்கு. கவனிப்பவர் குற்றம் அல்ல.

அப்படியானால் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. குணமாக்க முடியாதபோதும் வலி இல்லாமல், இதமாக வைத்திருக்கலாம். இதையே வலி நிவாரண ஆதரவு சிகிச்சை என்கிறார்கள்.

* நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டுங்கள். படுத்திருப்பவர் வாயில் பால், தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம்.

* தண்ணியான கஞ்சியைவிடக் கெட்டியான கேழ்வரகுக் கூழ் சிலருக்குச் சுலபமாக இறங்கும். சின்னக் கரண்டியில் கொடுங்கள். வாயை மூடிக்கொண்டால் திணிக்க வேண்டாம்.

* இந்த நிலையில் மூக்குக் குழாய் வைத்தால் ஆயுள் கூடும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

* 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப்புண் வராது காக்கலாம்.

* வலியை அவர்களால் சொல்ல முடியாது. முகம் சுளிப்பது, முனகுவது, தொட்டால் தள்ளிவிடுவது எல்லாம் வலியின் அடையாளமாக இருக்கலாம்.

உதவி எங்கே? 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. அதற்கு எடுக்கப்பட்ட மகளிர் தன்னார்வலர்கள் நம்மைப்போன்ற குழுப் பெண்களே. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567.

அந்த அக்காவின் குழுவில் இப்போது வாரம் ஒருவர் முறைவைத்துப் போய்ப் பாட்டிக்குத் துணையாக உட்காருகிறார்கள். அந்த 2 மணி நேரம் அக்கா நிம்மதியாகத் தூங்குகிறார். உங்கள் குழுவிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரா? அடுத்த கூட்டத்தில் கேட்டுப்பாருங்கள்.