ஐந்து லட்சம் பாலிசி இருந்தும் ஏன் கைக்காசு?

டிஸ்சார்ஜ் நாளில் இன்சூரன்ஸ் கவுன்டர் முன் அடிக்கடி கேட்கிற சண்டை இது: "அஞ்சு லட்சத்துக்குப் பாலிசி, பில் நாலு லட்சம்தான், நான் ஏன் கட்டணும்?" பலருக்கு வினையாவது ரூம் வாடகை உச்சவரம்பு. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது அதை யாரும் பார்ப்பதில்லை. அட்மிஷன் போடுகிறவர்களும் சொல்வதில்லை.

பல பாலிசிகளில் ஒரு நாள் வாடகை, காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம். 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் கூடுதல் வாடகை மட்டும்தான் நம் பொறுப்பு என்று நினைக்கிறோம். அப்படியல்ல. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும். அவை 2 லட்சம் என்றால் 1 லட்சம் உங்கள் தலையில். இதுதான் விகிதாசாரக் கழிவு.

ஆனால் மருந்து, ஸ்டென்ட் போன்ற உள்ளே பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள், ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்தக் கழிவு கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையில் எதிலுமே கூடாது. பில்லை வரி வரியாகப் பாருங்கள்.

பாலிசி எடுக்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று: சர்க்கரை, ரத்த அழுத்தத்தை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். ஏஜென்ட் "எழுத வேண்டாம் சார்" என்றாலும் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் 2024 விதிப்படி அதிகபட்சம் 3 ஆண்டுதான். மறைத்தது தெரிந்தால் கிளைமே போகும்.

கிளைமை மறுத்தாலோ குறைத்தாலோ போனில் வாதாட வேண்டாம். எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்; காரணம் சொல்வது அவர்கள் கடமை. இடைத்தரகு வேலை பார்க்கும் டி.பி.ஏ.விடம் அலைவது வீண், முடிவெடுப்பது காப்பீட்டு நிறுவனம். அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, ஒப்புகை வாங்கி வையுங்கள். ஒப்புகை இல்லாத புகார் புகாரே அல்ல.

ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதில் திருப்தியில்லையென்றாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலை, தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். பாலிசி நகல், மறுப்புக் கடிதம், ஒப்புகையுடன் உங்கள் புகார், முழு பில், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றை இணையுங்கள். அந்த ஓராண்டைத் தவறவிட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன், ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: மறுப்புக் கடிதத்தின் தேதியை இன்றே குறித்து வையுங்கள்.

இன்னொன்று, இதே விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மன் ஏற்கமாட்டார். அதனால் முதலில் ஆம்புட்ஸ்மனிடம் போங்கள். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். உங்களுக்கு அது போதவில்லையென்றால் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை.